பச்சை மீனும் நாடாப்புழுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கும் சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் போன நம்மவர்கள் பலருக்கு, வேகவைக்காத மீனில் செய்யும் சுஷி, சஷிமி பழகிவிட்டது. சென்னையிலும் பெங்களூருவிலும்கூட இப்போது அவை கிடைக்கின்றன. கூடவே மீட்டர் கணக்கில் நீண்ட புழுவின் படமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும், பயப்பட வேண்டியவர்கள் கேட்காமல் விடும் கேள்விகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் நாடாப்புழுவைக் குணப்படுத்துவது எளிது, தடுப்பது அதைவிட எளிது. ஆனால் தடுக்கும் வேலையை நம்பகமாகச் செய்பவை உறைகுளிரும் அடுப்புச் சூடும்தான். எலுமிச்சையையும் காரத்தையும் நம்பக் கூடாது.

மீன் நாடாப்புழு என்றால் என்ன?

மனிதக் குடலில் வாழும் ஒட்டுண்ணிகளில் மிக நீளமானது இது. தட்டையாக, வெள்ளையாக, ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த நாடாவாக வளரும். 10 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. தலை மிகச் சிறியது. பன்றி நாடாப்புழுவுக்கு இருப்பதுபோல இதன் தலையில் கொக்கிகள் கிடையாது, இரண்டு நீள்பள்ளங்கள் மட்டும் இருக்கும். அவற்றால் சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொள்ளும். வாயும் இல்லை, குடலும் இல்லை. நாம் செரித்த உணவை உடல் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

இதில் பல இனங்கள் உண்டு. ஐரோப்பாவின் ஏரி மீன்களில் அதிகம் பேசப்படுவது டைபில்லோபோத்ரியம் லேட்டம். ஜப்பானிலும் வட பசிபிக்கிலும் சால்மன் வகை மீன்களில் இருப்பது நிஹோன்காயென்சிஸ் என்ற இனம். தென் அமெரிக்காவின் பசிபிக் கரையில், முக்கியமாகப் பெருவில், கடல் சிங்கங்களில் வாழும் இன்னொரு இனம் கடல் மீன் வழியாக மனிதருக்கு வருகிறது.

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் மெகுரோ ஒட்டுண்ணியியல் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்கலாம். 1953இல் தொடங்கப்பட்டது. அங்கே 8.8 மீட்டர் நீளமுள்ள ஒரு புழுவைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பச்சை மீன் சாப்பிட்ட ஒருவரின் வயிற்றிலிருந்து வந்தது. அதே நீளத்துக்கு ஒரு துணி நாடாவையும் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் 8.8 மீட்டர் என்பது எவ்வளவு என்று புரியும்.

மீனுக்குள் இது எப்படி வருகிறது?

மனிதரோ கரடியோ நாயோ, வயிற்றில் புழு உள்ள ஓர் உயிரின் மலம் தண்ணீரில் கலக்கும் இடத்தில் கதை தொடங்குகிறது. ஒரு புழு ஒரு நாளில் 10 லட்சம் முட்டைகள் வரை விடும். தண்ணீரில் முட்டை பக்குவப்பட்டுப் பொரிய சில வாரங்கள் ஆகும். பொரிந்து நீந்தும் லார்வாவை (இளம்புழுவை), இறாலுக்குத் தூரத்து உறவான கோப்பிபாட் என்ற மிக நுண்ணிய உயிர் விழுங்கும். கோப்பிபாடைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு முறையும் லார்வா அடுத்த உடலுக்கு மாறி, கடைசியில் பெரிய மீனின் தசைக்குள் போய்த் தங்கும். அந்தத் தசையை நாம் பச்சையாகத் தின்றால் நம் குடலுக்கு வந்து சேர்கிறது. இரண்டு முதல் ஆறு வாரத்தில் முழுப் புழுவாகி முட்டை விடத் தொடங்கிவிடும்.

இதை ஒரே நாளில் யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. மீன் தசையில் இருக்கும் வெள்ளை லார்வாவும் மனிதக் குடலில் இருக்கும் நாடாவும் ஒரே உயிர்தான் என்று 1880களில் டோர்பாட் நகரில் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) மாக்ஸ் பிரவுன் நிரூபித்தார். அதற்காக மீனிலிருந்து எடுத்த லார்வாக்களைத் தன் மாணவர்கள் சிலரையே விழுங்க வைத்தார். நடுவில் கோப்பிபாட் இருக்கிறது என்பது 1917இல்தான் தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் யானிக்கி, ரோசன் என்ற இருவர் அதைக் காட்டினார்கள்.

எந்த மீன்களில் இருக்கும்? நம் ஊர் மீனில் இருக்குமா?

குளிர்ந்த நன்னீர் ஏரிகளில் வாழும் பைக், பெர்ச், பர்பாட் போன்றவை. அப்புறம் கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் காட்டுச் சால்மன் வகைகள், அதாவது பண்ணையில் வளர்க்காமல் இயற்கையில் வாழ்பவை. ஜப்பானில் வசந்த காலத்தில் பிடிபடும் சகுரா மாசு என்ற சால்மன் இதற்குப் பேர் போனது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அங்கே நோயாளிகள் கூடுவதற்கு அதுதான் காரணம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அலாஸ்காவில் பிடிபட்ட பிங்க் சால்மனிலும் ஜப்பானிய இனத்தின் லார்வா இருப்பதைக் காட்டியது. வட அமெரிக்காவின் பசிபிக் கரைச் சால்மன் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது முக்கியமான செய்தி.

வஞ்சிரம், மத்தி, சங்கரா, விரால், கெண்டை எதுவாக இருந்தாலும், குழம்பில் கொதித்த மீனில் எந்த லார்வாவும் உயிரோடு இருக்காது. இந்தக் கவலை நம் ஊர் மீன் குழம்புக்கு இல்லை.

அதற்காக இந்தியாவில் இந்த நோயே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் மனிதருக்கு வந்த முதல் மீன் நாடாப்புழுத் தொற்றை 1998இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2007இல் புதுச்சேரியிலிருந்து ஒரு பதிவு வந்தது. அரிது, ஆனால் உண்டு.

கருவாடு?

கருவாட்டை நாம் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். பிரச்சினை இல்லை. ஆனால் லேசாக உப்புத் தடவி, வேகவைக்காமல் சாப்பிடும் ஐரோப்பிய வகை மீனும், அரைகுறையாக உப்பிட்ட மீன் சினையும் வேறு விஷயம். பின்லாந்திலும் ரஷ்யாவிலும் பைக் மீனின் சினை வழியாகவே பலருக்குத் தொற்றியிருக்கிறது.

எலுமிச்சைச் சாறு, வினிகர், வசாபி (சுஷியோடு தரும் காரமான பச்சை விழுது), மது இவை புழுவைக் கொல்லாதா?

கொல்லாது. எலுமிச்சையில் ஊறிய மீன் வெள்ளையாகி, வெந்ததுபோல இறுகுவது உண்மை. அமிலம் புரதத்தின் வடிவத்தை மாற்றுவதால் வரும் தோற்றம் அது. தசைக்குள் சுருண்டிருக்கும் லார்வாவுக்கு அந்த நேரம் போதாது. பெருவில் எலுமிச்சையில் ஊறவைத்த பச்சை மீனான செவிச்சே அன்றாட உணவு. பசிபிக் இன நாடாப்புழு மனிதரில் மிக அதிகமாகப் பதிவான நாடும் பெருதான். அங்கே அகழாய்வில் கிடைத்த, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான மனித மலத்திலும் இதன் முட்டைகள் இருந்திருக்கின்றன. வசாபியும் இஞ்சியும் வாய்க்கு நல்லது, அவ்வளவுதான். சாப்பாட்டோடு குடிக்கும் மதுவாலும் பயன் இல்லை.

புகையிட்ட மீனைப் பற்றியும் கேட்கிறார்கள். சூடாகப் புகையிட்டது வெந்த மீன்தான். குளிர்ப்புகையில் போட்டது பச்சை மீனுக்குச் சமம், முன்பே உறையவைத்திருந்தால் ஒழிய.

அப்படியானால் எதுதான் கொல்லும்?

முதலில் சூடு. மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். தசை ஒளி ஊடுருவாத வெள்ளையாகி, முள்ளிலிருந்து எளிதில் பிரிந்தால் அந்தச் சூட்டை எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது உறைகுளிர். பச்சையாகப் பரிமாறப்போகும் மீனுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு இது: மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் கல்லாகும் வரை உறையவைத்து, அதே குளிரில் 15 மணி நேரம், அல்லது மைனஸ் 35இல் கல்லாக்கிய பிறகு மைனஸ் 20இல் 24 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் மைனஸ் 20இல் குறைந்தது 24 மணி நேரம். அந்தக் குளிர் மீனின் நடு வரை எட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இது நவீனக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் ஐனு பழங்குடி மக்கள் சால்மனைப் பனியில் உறையவைத்து, பாதி உறைந்த நிலையிலேயே மெல்லிசாகச் சீவிச் சாப்பிடுவார்கள். ருய்பே என்று பெயர். இன்றும் அங்கே உணவகங்களில் கிடைக்கிறது.

வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் போதுமா?

இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். வீட்டு ஃபிரீசர்கள் பொதுவாக மைனஸ் 18 டிகிரிக்கு அமைக்கப்பட்டவை. அடிக்கடி திறந்து மூடினால் அதுவும் நிற்காது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் அறை பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதே இல்லை. ஐஸ் கட்டுகிறது என்பதால் லார்வா செத்துவிடும் என்று கொள்ள முடியாது. கடையில் காட்டுச் சால்மனை ஃபிரெஷ்ஷாக வாங்கி, யூடியூப் பார்த்து வீட்டில் சஷிமி போடுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வேண்டாம். உள்ளே தெர்மாமீட்டர் வைத்து மைனஸ் 20 நிற்கிறது என்று உறுதி செய்ய முடிந்தால் முழுதாக ஒரு வாரம் வையுங்கள். முடியாவிட்டால் அந்த மீனை வறுத்துவிடுங்கள், ருசியாகவே இருக்கும்.

அதே மீனை உணவகத்தில் சாப்பிடுவது பல நேரம் வீட்டைவிடப் பாதுகாப்பானது. தரமான உணவகங்கள் வாங்குவது ஆழ்ந்த குளிரில் உறைந்து வந்த மீன். தயங்காமல் கேளுங்கள்: எந்த மீன், காட்டு மீனா பண்ணை மீனா, உறையவைத்ததா? பதில் சொல்லத் தெரியாத இடத்தில் நான் பச்சை மீன் சாப்பிட மாட்டேன்.

'சுஷி கிரேடு' என்று எழுதியிருக்கிறதே?

அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை ஏதும் இல்லை. விற்பவரின் வாக்குறுதி மட்டும்தான். உறையவைத்த விவரத்தைக் கேட்பதுதான் பயன் தரும்.

பண்ணைச் சால்மனும் சூரை மீனும் எப்படி?

துகள் தீவனம் மட்டும் தின்று வளரும் பண்ணைச் சால்மனுக்கு லார்வா வந்து சேர வழி மிகக் குறைவு. அதனால்தான் பல நாடுகளின் விதிகள் அதற்கு உறையவைப்பதிலிருந்து விலக்கு தருகின்றன. மஞ்சள்துடுப்புச் சூரை போன்ற பெரிய சூரை இனங்களுக்கும் அமெரிக்காவில் விலக்கு உண்டு. இன்று உலகம் முழுவதும் சுஷித் தட்டில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் சால்மன் ஜப்பானின் பழைய வழக்கம் அல்ல. தங்கள் கடல் சால்மனில் ஒட்டுண்ணி இருக்கும் என்று தெரிந்ததால் ஜப்பானியரில் பெரும்பாலோர் அதை உறையவைக்காமல் பச்சையாகச் சாப்பிடத் தயங்கினார்கள். 1980களில் நார்வே தன் பண்ணைச் சால்மனை அங்கே விற்கப் பெரிய முயற்சி எடுத்த பிறகே அது சுஷியில் ஏறியது.

ஆனாலும் 'பண்ணை' என்ற ஒரு சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2004-05இல் பிரேசிலின் சாவ் பாலோவில் பச்சை மீன் சாப்பிட்டவர்களிடையே இந்த நாடாப்புழு திடீரெனப் பரவியபோது, சந்தேகம் போனது இறக்குமதியான, உறையவைக்காத சால்மன் மேல்தான்.

உடம்பில் என்ன செய்யும்?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு வயிற்றில் இலேசான வலி, வயிற்றுப்போக்கு, சோர்வு. பலருக்கு முதல் அறிகுறியே மலத்தில் நூடுல்ஸ் போன்ற வெள்ளைத் துண்டு வருவதுதான். 'நிறையச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போவார்கள்' என்பது கதை.

உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் புழுவுக்கு வைட்டமின் பி12 மேல் அலாதி ஆசை. உணவில் வரும் பி12இல் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும். தொற்று உள்ளவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு பி12 அளவு குறைவதாகவும், ரத்தசோகை வரை போவது 2 சதவீதத்துக்கும் குறைவு என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. குறைந்த சதவீதம்தான், ஆனால் புழு 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். நீண்டகால பி12 குறைபாடு நரம்பைத் தொட்டால் கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், ஞாபகமும் குறையலாம்.

இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய நாடு பின்லாந்து. ஏரிகள் நிறைந்த அந்த நாட்டில் 1940களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வயிற்றில் இந்தப் புழு இருந்தது. பெர்ட்டில் வான் பான்ஸ்டார்ஃப் என்ற மருத்துவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, புழுவை வெளியேற்றினாலே ரத்தசோகை தேறுகிறது என்று காட்டினார். பிறகு மருந்து, கழிவுநீர் சுத்திகரிப்பு, பச்சை மீன் பற்றிய விழிப்புணர்வு எல்லாம் சேர்ந்து அங்கே நோயை வெகுவாகக் குறைத்துவிட்டன.

முட்டை, பால், இறைச்சி குறைவாகச் சாப்பிடும் நம் வீடுகளில் பி12 ஏற்கெனவே குறைவாக இருப்பது சகஜம். அதனால் பச்சை மீன் பழக்கம் உள்ள ஒருவருக்குக் காரணம் புரியாமல் பி12 குறைந்தால், மருத்துவரிடம் அந்தப் பழக்கத்தையும் சொல்லுங்கள். அவர்களாக அதைக் கேட்பது அரிது.

மூளைக்குப் போகுமா?

மீன் நாடாப்புழு போகாது. மூளையில் கட்டிகளையும் வலிப்பையும் உண்டாக்குவது பன்றி நாடாப்புழுவின் முட்டை. அது வேறு உயிர், வேறு வழி. அந்த முட்டைகள் மனித மலம் கலந்த உணவு, தண்ணீர் மூலம் வருபவை, பன்றி இறைச்சியே தொடாதவருக்கும் வரலாம். இணையத்தில் இரண்டையும் குழப்பி எழுதுவதைத் தினமும் பார்க்கிறேன். சுஷி சாப்பிட்டு மூளையில் புழு என்ற தலைப்பைக் கண்டால் நம்பாதீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. வெளியே வரும் முட்டை நேரடியாக மனிதரைத் தொற்றாது. தண்ணீரும் கோப்பிபாடும் மீனும் தாண்டித்தான் வரவேண்டும். அதே மீனைச் சாப்பிட்டவர்கள் மட்டும் பரிசோதித்துக்கொண்டால் போதும். உடம்பைக் குறைக்க நாடாப்புழு முட்டை மாத்திரை என்று இணையத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். எந்த நாடாப்புழுவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

மலத்தில் துண்டு வந்தால் என்ன செய்வது?

அருவருப்பில் ஃபிளஷ் செய்துவிடாதீர்கள். சுத்தமான மூடி போட்ட டப்பாவில், கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். மீன் நாடாப்புழுவின் கண்ணிகள் நீளத்தைவிட அகலம் அதிகமானவை. பன்றி, மாட்டு நாடாப்புழுக்களின் முதிர்ந்த கண்ணிகள் அகலத்தைவிட நீளமானவை. அந்த வேறுபாட்டை வைத்தே பாதி முடிவு தெரிந்துவிடும். துண்டு கிடைக்காவிட்டால் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து முட்டையைக் காண்பார்கள். முட்டைகள் ஏராளம் என்பதால் பொதுவாகத் தப்பாது.

பூச்சி மாத்திரை போட்டால் போகாதா?

பள்ளிகளில் கொடுக்கும் அல்பெண்டசோல் உருளைப்புழு, கொக்கிப்புழுவுக்கானது. அதன் ஒரு மாத்திரையை நம்பி மீன் நாடாப்புழு போய்விட்டது என்று இருக்க முடியாது. இதற்கான மருந்து பிராசிகுவான்டெல். உடல் எடைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், ஒரே வேளை. அது இல்லாத இடத்தில் நிக்லோசமைடு, பெரியவர்களுக்கு 2 கிராம், அதுவும் ஒரே வேளை.

அளவு எழுதியிருக்கிறதே என்று நீங்களே வாங்கிப் போடாதீர்கள். இந்தியாவில் பன்றி நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருப்பது தெரியாமலே வாழ்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிராசிகுவான்டெல் கொடுத்தால் மூளையில் வீக்கமும் வலிப்பும் வரலாம். என்ன புழு என்று உறுதி செய்த பிறகே மருந்து. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவர் தனியாக முடிவு செய்வார்.

மாத்திரைக்குப் பிறகு புழு துண்டு துண்டாகவோ மொத்தமாகவோ வெளியேறும். தலை உள்ளேயே தங்கிவிட்டால் மறுபடி வளரும். அதனால் ஒரு மாதம் கழித்து மலத்தை மறுபடி பார்க்க வேண்டும். பி12 குறைந்திருந்தால் அதற்கு ஊசியோ மாத்திரையோ தனியாகத் தருவார்கள்.

பச்சை மீனில் வேறு என்ன ஆபத்து?

நாடாப்புழுவைவிட நான் அதிகம் பயப்படுவது வேறு சிலவற்றுக்கு. வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியில், நன்னீர் மீனைப் பச்சையாகக் கொத்திச் செய்யும் கோய் பிளா என்ற உணவு வழியாக ஈரல் தட்டைப்புழு வருகிறது. அது பித்தக்குழாயில் குடியேறி ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கிச் சிலரைப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அந்தப் புழுவை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. கடல் மீனில் வரும் அனிசாக்கிஸ் என்ற உருளைப்புழு, சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடுமையான வயிற்று வலியைத் தரும். ஜப்பானில் எண்டோஸ்கோப்பியில் பிடித்து எடுத்துவிடுவார்கள்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு 2015 நினைவிருக்கும். பச்சை நன்னீர் மீன் உணவுகளால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா பரவிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாற அரசு தடை விதித்தது. உறையவைப்பது புழுவைக் கொல்லும், பாக்டீரியாவை அப்படி நம்பகமாகக் கொல்லாது. நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

சமைக்கும்போது உப்புப் பார்த்தால்கூட வருமா?

வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் யூதக் குடும்பங்களில் பெண்களுக்கு இந்தப் புழு வந்த விதம் அதுதான். ஏரி மீனை அரைத்து உருண்டை பிடிக்கும் முன், உப்பும் மிளகும் சரியா என்று பச்சைக் கலவையை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். வெளிநாட்டில் சால்மனிலோ ஏரி மீனிலோ கட்லட்டுக்கு அரைப்பவர்கள் கொஞ்சத்தைத் தட்டி வறுத்து ருசி பார்க்கட்டும். பச்சை மீன் வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவிவிட்டே சாலட் காய் நறுக்குங்கள்.

மீன் கழிவைப் பூனைக்கும் நாய்க்கும் போடலாமா?

வேகவைத்துப் போடுங்கள். அவற்றின் குடலிலும் இந்தப் புழு வளரும். ஏரிக்கரையில் சுற்றும் நாய் என்றால், அதன் மலத்திலிருந்து முட்டை மறுபடி தண்ணீருக்குப் போய்விடும்.